கரடி – 1, வலது கண் இல்லை

அந்த வரியை எழுதியது நான்தான். யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர்களிடம் நானே மூன்று முறை எழுத்தில் கொடுத்துப் பார்த்தேன், ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதனால் இங்கே சொல்லிவிடுகிறேன். வருடாந்தரப் பழுதுப் பட்டியலில் நான்காவது வரி, நீல மையில், என் கையெழுத்தில்: ‘கரடி – 1. வலது கண் இல்லை. ரோமம் உதிர்ந்துள்ளது. உபயோகத்துக்கு உதவாது.’

எங்கள் மிருகக்காட்சிப் பூங்கா சின்னது. வாசலில் டிக்கெட் கவுன்ட்டர், அதை ஒட்டி என் பரிசுக் கடை, அதைத் தாண்டினால் விலங்குகள். குரங்கு ஆறு, மயில் மூன்று, ஆமை ஒன்பது, ‘முதலை’ என்று பலகை நட்ட ஒரு குளம், ஒரே ஒரு கரடி. முதலையை நான் பார்த்ததில்லை. பலகை இருப்பதால் நம்புகிறேன். வருகிறவர்கள் அரை மணியில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு என் கடைக்கு வருவார்கள். வெளியே படுத்துக் கிடந்த அதே விலங்குகள் இங்கே கண்ணாடிக் கண்ணோடு விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தொட்டுப் பார்ப்பார்கள். கடைசியில் ஆளுக்கொரு சாவிக்கொத்தோடு போய்விடுவார்கள்.

நான் கடைக்கு வந்து பதினோரு வருடம். இத்தனை வருடத்தில் கடைப் பதிவேட்டில் ‘பொம்மை’ என்ற சொல்லை ஒருமுறைகூட எழுதியதில்லை. எதற்கு எழுத வேண்டும்? பொம்மைக் கடையில் இருப்பதெல்லாம் பொம்மைதான். கரடி 14, குரங்கு 30, மயில் 22 என்றுதான் எழுதுவேன். அந்தப் பக்கம் விலங்குப் பதிவேட்டிலும் யாரும் ‘உயிருள்ள’ என்று எழுதுவதில்லை. அங்கே எல்லாமே உயிருள்ளவை, முதலையைப் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டு பதிவேடும் இரண்டு அலமாரியில் இருந்தவரை யாருக்கும் ஒரு தொல்லையும் இல்லை.

கரடியைப் பார்த்துக்கொண்ட காப்பாளரை எல்லோரும் கரடியண்ணன் என்று கூப்பிடுவோம். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பழக்கூடையில் வைத்து அவர் கையில் கொடுத்த குட்டி அது. அன்றைக்கு அவர் வைத்த பெயர் பாப்பா. அப்புறம் பாப்பா இரண்டு ஆள் எடைக்கு வளர்ந்து, மூப்படைந்து, ரோமமெல்லாம் நரைத்துக் கொட்ட ஆரம்பித்த பிறகும் பாப்பாதான். ஆறு வருடத்துக்கு முன்னால் அவளுக்கு வலது கண்ணில் புண் வந்தது. அப்போது பூங்காவில் ஒரு கால்நடை மருத்துவர் இருந்தார். அவர் அந்தக் கண்ணை எடுத்துவிட்டு, அடுத்த மாதமே ஓய்வு பெற்றார். அந்த நாற்காலி இன்றுவரை காலி.

அதிலிருந்து கரடியண்ணனுக்கு ஒரே ஒரு சட்டம். பாப்பாவிடம் இடது பக்கமாகத்தான் போக வேண்டும். அவள் எப்போதும் நடைபாதையைப் பார்த்தபடி ஒரே இடத்தில் உட்காருவாள். அவளுக்கு இடது பக்கம் என் கடை. வலது பக்கம் பின்வாசல், குப்பை வண்டியும் லாரியும் வருகிற வழி. “அந்தப் பக்கமா வராதீங்க. அவளுக்குத் தெரியாது, பயந்துக்குவா” என்று கூட்டிப் பெருக்குகிறவர் முதல் கண்காணிப்பாளர் வரை எல்லோரிடமும் சொல்லுவார். கண்காணிப்பாளரிடம் சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை, அவர் அந்தப் பக்கமே வந்ததில்லை.

என் வீட்டுக்காரர் வேறொரு வீட்டைப் பார்த்துக்கொண்டு என்னை விட்டுப் போனாரே, அந்த வருடம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் டப்பாவைத் திறக்காமல் கூண்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பேன். ஒருநாள் கரடியண்ணன் ஒன்றும் கேட்காமல் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டார். “இந்தப் பக்கம் உக்காருங்க தங்கச்சி. அவ பாத்துக்கிட்டிருப்பா” என்றார். பாப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கண்தான், ஆனால் முழுசாகப் பார்த்தாள். அன்றைக்குத்தான் பல நாள் கழித்து எனக்குச் சாப்பாடு இறங்கியது.

இப்படி இருந்த நேரத்தில் தலைமை அலுவலகத்தில் யாரோ ஒருவர் இரண்டு பதிவேட்டையும் ஒரே நாளில் பார்த்துத் தொலைத்தார். இதிலும் கரடி, அதிலும் கரடி. இதிலும் ஆமை, அதிலும் ஆமை. ஒரு பூங்காவின் விலங்குகளை இரண்டு இடத்தில் எழுதுவது வீண் வேலை என்று அவருக்குத் தோன்றியது. ‘ஒருங்கிணைந்த இருப்புப் பதிவேடு’ பிறந்தது. அட்டை நல்ல கெட்டி அட்டை. உள்ளே இனம், எண்ணிக்கை, நிலைமை என்று மூன்றே கட்டம். எங்கள் எழுத்தர் ஒரு வாரம் உட்கார்ந்து இரண்டையும் கூட்டி எழுதினார். கரடி 15. குரங்கு 36. ஆமை, சாவிக்கொத்தும் சேர்ந்து, 209.

அடுத்த மாதமே தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கேடயம் வந்தது. ‘விலங்கினப் பெருக்கத்தில் சிறந்த சிறு பூங்கா.’ ஒரே வருடத்தில் கரடி ஒன்றிலிருந்து பதினைந்து ஆனதைப் பாராட்டி ஒரு கடிதமும் கூடவே இருந்தது. மேடை போட்டு, மைக் வைத்து, எங்களையெல்லாம் வெயிலில் உட்கார வைத்து, கண்காணிப்பாளர் பேசினார்.

“நான் இங்க வந்தப்போ ஒரே ஒரு கரடி. இன்னிக்குப் பதினஞ்சு. எப்படி சார்னு எல்லாரும் கேக்கறாங்க. ரகசியம் ஒண்ணும் இல்ல. நான் எந்த விலங்கையும் நேர்ல போய்ப் பாத்துத் தொந்தரவு பண்ணதில்ல. ஒரு தடவைகூட இல்ல. அதுங்களை அதுங்க பாட்டுக்கு விட்டா தானாப் பெருகும். நாம பதிவேட்டைப் பாத்துக்கிட்டாப் போதும், பதிவேடு விலங்கைப் பாத்துக்கும்.”

கை தட்டினோம். இல்லாததை இருப்பதாக அளந்தால் ‘கரடி விடுகிறான்’ என்று சொல்வோம் இல்லையா, அன்றைக்கு மேடையில் அவர் பதினான்கு கரடி விட்டார்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கரடியண்ணன் காதோரம் கேட்டார்: “பதினஞ்சா? மத்ததெல்லாம் எங்க இருக்கு தங்கச்சி?”

“என் கடையிலண்ணே. மேல் தட்டுல.”

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்போதே எழுந்து நின்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெயில் வேறு, சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது. 

பழுதுப் பட்டியல் வருடா வருடம் கொடுப்பதுதான். மேல் தட்டுக் கரடிகளில் ஒன்றின் வலது கண்ணை வாடிக்கையாளர் வீட்டுக் குழந்தை ஒன்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. ஜன்னல் வெயிலில் அதன் ரோமமும் கொட்டியிருந்தது. மேஜை டிராயரில் ஒரு கறுப்புப் பொத்தான் இருந்தது, ஊசியும் நூலும் இருந்தன. தைக்கலாம் என்று எடுத்தும் வைத்தேன். அதற்குள் எழுத்தர் வந்து மதியத்துக்குள் பட்டியல் வேண்டும் என்று அவசரப்படுத்தினார். பொத்தானைத் திரும்ப டிராயரில் போட்டுவிட்டுப் பேனாவை எடுத்தேன். நான்கு தையல் போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. எழுத்தர் அதை வாசித்துவிட்டு, “உங்க கரடி கண்டம் ஆயிடுச்சும்மா” என்றார். பழுதான பொருளைக் கணக்கிலிருந்து தள்ளுவதற்கு அலுவலகத்தில் கண்டம் பண்ணுவது என்று பெயர். நாற்காலி கண்டமாகும், மின்விசிறி கண்டமாகும். எனக்குத் தெரிந்த கண்டம் ஜோசியக்காரர் சொல்வது. அதைத் தாண்டிவிடலாம் என்று அவரே ஆறுதலும் சொல்லுவார். அலுவலகக் கண்டத்தைத் தாண்டி வந்தவர் யாரும் இல்லை.

பார்வையிட மூன்று பேர் கொண்ட குழு வரும் என்று உத்தரவில் இருந்தது. நான் பொம்மையைத் தூசி தட்டிக் கல்லா மேஜை மேல் உட்கார வைத்துக் காத்திருந்தேன். குழு வந்தது. என் கடையை ஏறிட்டும் பார்க்காமல் நேரே கூண்டுப் பக்கம் நடந்தது.

குழுத் தலைவர் கட்டடப் பிரிவு. இரண்டாமவர் மரச்சாமான் பிரிவு. மூன்றாவது இடம் கால்நடை மருத்துவருக்கு உரியது. அந்த நாற்காலி காலியாக இருப்பதால், கூடுதல் பொறுப்பாக வாகனப் பிரிவு ஆய்வாளர் வந்திருந்தார். மூன்று பேரும் போய் வலது பக்கம் நின்றார்கள்.

“சார், இந்தப் பக்கம் வாங்க சார். அவளுக்கு அந்தப் பக்கம் தெரியாது” என்றார் கரடியண்ணன்.

“தெரியாதுன்னு பட்டியல்லயே இருக்கே” என்று தலைவர் ஒரு டிக் போட்டார்.

வாகன ஆய்வாளர் கம்பிக்குள் எட்டிப் பார்த்தார். “எந்த வருஷத்து மாடல்?”

“இருபத்திரண்டு வயசு சார்.”

“இருபத்திரண்டா? பதினஞ்சுக்கு மேல எதையும் ரோட்டுல விடக் கூடாதுய்யா. ஓடுமா?”

“நடப்பா சார். காலையில நாலு சுத்து நடப்பா.”

“நடக்கறது வேற, ஓடறது வேற. ஓடாதுன்னு எழுதிக்கறேன்.”

மரச்சாமான் பிரிவுக்காரர் மட்டும் கொஞ்சம் சங்கடப்பட்டார். “கால் நாலும் நல்லாத்தான் இருக்கு” என்று மெதுவாகச் சொன்னார். மற்ற இருவரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. பொம்மையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். “சார், நான் எழுதினது இதைத்தான் சார். இது கடைச் சாமான். அவ நிஜக் கரடி.”

தலைவர் பொறுமையானவர். பொம்மையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூண்டைப் பார்த்தார். பட்டியலைப் பார்த்தார். “வலது கண் இல்லை, இதுக்கும் சரி, அதுக்கும் சரி. ரோமம் உதிர்ந்திருக்கு, இதுக்கும் சரி, அதுக்கும் சரி. ஆனா கண்டத்துக்கு அனுமதி ஒண்ணுக்குத்தாம்மா.”

“அப்போ இதை எடுத்துக்குங்க சார்.”

“ஒரே இனத்துல ரெண்டு இருந்தா எது பழசோ அதைத்தான் முதல்ல கழிக்கணும். அதாம்மா முறை. இல்லேன்னா ஆளாளுக்கு வேண்டியதை வெச்சுக்குவாங்க.”

பொம்மையை என் கையில் திருப்பிக் கொடுத்து, பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். நான் இடது பக்கம் வந்து நின்றதும் பாப்பா என் கையில் இருந்ததை மோப்பம் பிடித்தாள்.

மறுநாள் காலையில் பாப்பாவுக்கான தீனி வரவில்லை. தினமும் வருவது பூசணி, கேரட், வேகவைத்த தானியம், நான்கு ரொட்டி. கரடியண்ணன் வாளியை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

எழுத்தர் தலையைச் சொறிந்தார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். “கண்டம் ஆன பொருளுக்குப் பராமரிப்பு கிடையாதுண்ணே. போட்டா தணிக்கையில நான் மாட்டிக்குவேன்.”

“அவளுக்குப் பசிக்குமே சார்.”

“கண்டம் ஆனதுக்குப் பசிக்குமா பசிக்காதான்னு விதியில ஒண்ணும் இல்லண்ணே. நான் தேடிப் பாத்துட்டேன்.” உண்மையிலேயே தேடியிருந்தார். விதிப் புத்தகத்தில் காகிதத் துண்டுகள் செருகியிருந்தன.

அன்றிலிருந்து கரடியண்ணன் வீட்டிலிருந்து ரொட்டியும் பழமும் கொண்டுவந்தார். நான் என் டப்பாவில் பாதியைக் கொடுத்தேன். இரண்டு ஆள் எடை உள்ள ஒரு ஜீவனுக்கு அது எந்த மூலைக்கு? ஆறாவது நாள் அவருக்கு ஒரு மெமோ வந்தது. ‘விலங்குகளுக்குத் தீனி போடாதீர்கள்’ என்று பூங்கா முழுக்கப் பலகை இருந்தும் தாங்கள் தீனி போட்டது கண்டறியப்பட்டுள்ளது. அந்தப் பலகைகளுக்கெல்லாம் வருடா வருடம் பெயின்ட் அடித்தது அவர்தான்.

நான் கடிதம் எழுத ஆரம்பித்தேன். முதல் கடிதத்தில் நடந்ததை நடந்தபடி எழுதினேன்: ‘நான் குறிப்பிட்டது பொம்மையை.’ பதிவேட்டில் ‘பொம்மை’ என்ற இனமே இல்லை என்று பதில் வந்தது. இரண்டாவதில், தவறு என்னுடையது, எனக்குத் தண்டனை கொடுங்கள், கரடியை விட்டுவிடுங்கள் என்று எழுதினேன். தண்டனை கோரும் விண்ணப்பத்துக்குத் தனிப் படிவம் உண்டு என்று பதில் வந்தது. மூன்றாவதை அழுதுகொண்டே எழுதினேன். வந்த பதில்: ‘கரடி சார்பில் கடைப் பிரிவு முறையிட இயலாது. சம்பந்தப்பட்ட பொருள் முறையிட்டால் பரிசீலிக்கப்படும்.’

வேறு வழியில்லாமல் கண்காணிப்பாளர் அறைக்கே போனேன். மேஜை மேல் கேடயம் இருந்தது. அவர் என்னை உட்காரச் சொன்னார். அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

“நீ சொல்றது எனக்குப் புரியாம இல்லம்மா. நீ எழுதினது பொம்மையைத்தான். எனக்குத் தெரியும்.”

“தெரியுமா சார்? அப்போ ஒரு வரி எழுதிட்டா...”

“என்னன்னு எழுதறது? அது பொம்மைன்னு எழுதினா, மீதி இருக்கறது என்னன்னு தலைமை அலுவலகத்துல கேப்பான். மீதியும் பொம்மைன்னு ஆயிடும். பதினாலும் போயிடும். கேடயத்தைத் திருப்பிக் கேப்பான். அடுத்த மாசம் எனக்குத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றல் வருது, இனப்பெருக்கப் பிரிவுக்கு.” குரலைத் தழைத்துக்கொண்டு, உண்மையான வருத்தத்தோடு கேட்டார்: “ஒரு கரடிக்காகப் பதினாலு கரடியைக் கொல்லச் சொல்றியா?”

நான் கேடயத்தைப் பார்த்தேன். அவர் கண்ணில் நீர்கூட நின்றது. பொய் அழுகையாக இருந்திருந்தால் கோபப்பட்டிருப்பேன். அந்தப் பதினான்கு கரடிகளையும் அவர் நிஜமாகவே வளர்த்துக்கொண்டிருந்தார்.

லாரி ஒரு வெள்ளிக்கிழமை மதியம் வந்தது. உடைந்த பெஞ்சுகள், துருப்பிடித்த ஊஞ்சல் ஒன்று, வாய் கிழிந்த பென்குயின் குப்பைத்தொட்டி இரண்டு, கரடி ஒன்று. எல்லாம் தலைமை அலுவலகத்தின் கழிவுப் பொருள் கிடங்குக்குப் போக வேண்டும், ஒரு பகல் பயணம். பின்வாசல் வழியாக வந்து கூண்டுக்கு வலது பக்கம் லாரியை நிறுத்தினார்கள். பாப்பாவுக்கு அது தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. காதை ஆட்டினாள். ஏற்கெனவே இளைத்துப் போயிருந்தாள். தோல் தொங்கியது.

ஏற்றிப் போகிற கூண்டுக்குள் அவளை யார் கூப்பிட்டாலும் போக மாட்டாள். கரடியண்ணன் கூப்பிட்டால்தான் போவாள். அதனால் கூப்பிடுகிற வேலையை அவருக்கே கொடுத்தார்கள். அதற்கும் ஒரு உத்தரவு எண் இருந்தது.

அவர் இடது பக்கம் நின்றுகொண்டார். “வா பாப்பா. ஒண்ணுமில்ல. நான் இருக்கேன், வா” என்றார். அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து உள்ளே போனாள். கதவை இழுத்துச் சாத்தினார்கள். சாத்திய சத்தம் வலது பக்கத்திலிருந்து வந்ததால் திடுக்கிட்டுப் போனாள். “நான் இருக்கேன்” என்று இன்னொரு தடவை சொன்னார்.

கூட வருகிறேன் என்று கேட்டார். கண்டம் ஆன பொருளுக்குத் துணையாள் கிடையாது என்றார் எழுத்தர். சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கரடியண்ணன் டிரைவரிடம் போனார். தன் கைப்பையிலிருந்த ரொட்டிகளையெல்லாம் கொடுத்தார். “தம்பி, வண்டி நிக்கறப்ப தண்ணி மட்டும் வெச்சிடுங்க. போறப்ப அவளுக்கு இடது பக்கமாப் போங்க. பாப்பான்னு சொல்லுங்க. உங்களைப் பாத்துட்டா குடிப்பா.”

“சரிங்கண்ணே” என்றார் டிரைவர்.

லாரி போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே நின்றோம். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். எத்தனை தடவை கேட்டேன் என்று தெரியாது. “நீங்க என்ன பண்ணுவீங்க தங்கச்சி. உள்ள போன்னு சொன்னது நான்தானே” என்றார்.

டிரைவர் செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தார். நேரே எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். சனி, ஞாயிறு கிடங்கு விடுமுறையாம். வாசலில் வெயிலில் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டாராம் காவல்காரர். “சனிக்கிழமை குடிச்சாண்ணே. நீங்க சொன்ன மாதிரியே இடது பக்கமாப் போனேன், பேர் சொன்னேன். பாத்தா, குடிச்சா. ஞாயித்துக்கிழமை மத்தியானமும் அப்படித்தான் போய் நின்னேன். பாப்பா பாப்பான்னு ரொம்ப நேரம் கூப்பிட்டேண்ணே. பாக்கலை.”

கரடியண்ணன் புதைத்தார்களா என்று மட்டும் கேட்டார். கிடங்குக்குப் பின்னால் தானும் காவல்காரரும் சேர்ந்து புதைத்ததாக டிரைவர் சொன்னார். புதைக்கும் முன் திங்கட்கிழமை காலையில் கிடங்குக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு ஒரு சீட்டுக் கொடுத்தார்களாம். அதை எடுத்து நீட்டினார். நான்தான் வாசித்தேன்.

‘பொருள் விவரத்துடன் பொருந்தவில்லை. பட்டியலின்படி ஒரு கண் இல்லை, மற்றது திறந்திருக்க வேண்டும். வந்து சேர்ந்ததில் அதுவும் மூடியுள்ளது. எனவே ஏற்க இயலாது. அனுப்பிய இடத்துக்கே திருப்பப்படுகிறது.’

எங்கள் அலுவலகம் சுறுசுறுப்பானது அதற்குப் பிறகுதான். கிடங்கு ஏற்காத பொருள் கண்டம் ஆனதாகாது. கண்டம் ஆகாத பொருள் பூங்காவின் இருப்பில் இருந்தாக வேண்டும். மூன்றே நாளில் உத்தரவு வந்துவிட்டது: ‘கண்டம் ரத்து செய்யப்படுகிறது. மேற்படி கரடியை (வலது கண் இல்லாதது) உடனே பழைய இடத்தில் வைத்துத் தீனியைத் தொடரவும். காப்பாளரின் ஒப்புகை பெற்று அனுப்பவும்.’

கண்காணிப்பாளர் அன்றைக்குத்தான் முதன்முதலாக என் கடைக்குள் வந்தார். கூட எழுத்தர். மேல் தட்டை அண்ணாந்து பார்த்து, கரடிகளை ஒவ்வொன்றாக எண்ணினார். கை நீட்டி அந்த ஒற்றைக் கண் பொம்மையை எடுத்தார்.

“இதுதானேம்மா நீ சொன்னது? மூணு கடுதாசி எழுதினியே, பட்டியல்ல இருக்கறது இதுதான்னு. நிர்வாகம் உன் கோரிக்கையை ஏத்துக்கிச்சு” என்றார். அவர் முகத்தில் ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதி இருந்தது.

பொம்மையைக் கூண்டுக்குக் கொண்டுபோய், பாப்பா உட்காரும் இடத்தில் பாதையைப் பார்த்தபடி வைத்தார்கள். கரடியண்ணனிடம் ஒப்புகைச் சீட்டை நீட்டினார்கள். ‘கரடி ஒன்று நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்.’ அவர் மறுப்பார், பேனாவை விட்டெறிவார் என்று நான் நினைத்தேன். அவர் கையெழுத்துப் போட்டார். போடாவிட்டால் இன்னொரு காப்பாளரை வைப்பார்கள். அந்தக் கூண்டில் வேறொருவர் நிற்பதை அவரால் பார்க்க முடியாது.

இப்போது தினமும் காலையில் தவறாமல் தீனி வருகிறது. பூசணி, கேரட், தானியம், நான்கு ரொட்டி. இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாளும் இவ்வளவு சரியான நேரத்துக்கு வந்ததில்லை. அவர் கையெழுத்துப் போட்டு வாங்கி, குரங்குகளுக்குக் கொடுத்துவிடுகிறார். கூண்டைக் கழுவுகிறார். பொம்மை நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கழுவுகிறார். வருகிறவர்கள் கம்பிக்கு வெளியே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கரடி மிகவும் சாதுவாக இருப்பதாக விருந்தினர் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். கண்காணிப்பாளர் மாற்றலாகிப் போய்விட்டார். கேடயத்தைப் புதியவர் துடைத்து வைத்திருக்கிறார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. நேற்று மதியம் டிராயரைத் திறந்து அந்தக் கறுப்புப் பொத்தானையும் ஊசி நூலையும் எடுத்துக்கொண்டு போனேன். கரடியண்ணன் கூண்டுக்குள் பொம்மைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இடது பக்கம்தான்.

“அதை இப்படிக் குடுங்கண்ணே. நாலு தையல் போட்டா கண்ணு வந்துடும். இப்பவாவது தெச்சுடறேன்.”

அவர் பொம்மையின் தலையில் கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

“வேணாம் தங்கச்சி. அந்தப் பக்கம்தான் லாரி வரும். பாக்காம இருக்கட்டும்.”

நான் பொத்தானைப் பையில் போட்டுக்கொண்டேன். முக்காலியை இழுத்து, இடது பக்கமாகப் போட்டு உட்கார்ந்தேன்.